உடையாத கரை

ஆற்றின் கரை உடைந்தால் நாடு முழுவதும் அறியும். உடையாதிருந்தால் அண்டை வீட்டாரும் அறியார். உடைந்த கரையைக் காண அமைச்சர் வருவர். செய்தித்தாளிற் படம் வெளிவரும். அரிசியும் வேட்டியும் சேலையும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். உடையாத கரையைக் காண வருவார் யாவர்? ஐப்பசி மழையிருளிற் கையில் விளக்கேந்திக் கரைமேல் நடந்து, எலிவளையொன்றில் நீர் கசிதலைக் கண்டு, அதனை அடைத்துவிட்டு வீடு சென்று உறங்கும் கரைக்காவலருக்கு மாலையிட்டார் எவரேனும் உளரோ? துன்பம் வந்தபின் செய்யும் உதவி கண்ணுக்குத் தெரிகின்றது. துன்பம் வாராமற் செய்யும் உதவி தெரிவதில்லை. இவ்வொரு காரணத்தாலேயே நம் நாட்டிற் பின்னதற்குப் பொருளும் குறைவு, புகழும் குறைவு என்பது யான் கொண்ட கருத்து. அதனை எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றேன். மாணவ நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் பொறுமையுடன் செவிசாய்ப்பாராக.

முதற்கண், அவ்வூரின் கிடப்பை அறிதல் வேண்டும். மேற்கே கல்லணை. அங்குக் காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் என நீர் நான்கு வழியாகப் பிரிகின்றது. காவிரி கிழக்கே ஓடித் திருக்காட்டுப்பள்ளியை அணுகியதும் குடமுருட்டி என்னும் கிளை பிரிகின்றது. வடக்கே சில கல் தொலைவிற் கொள்ளிடம் அகன்று கிடக்கின்றது. தெற்கே வெண்ணாறு செல்கின்றது. ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டலைக் கொணர்ந்து கொட்டி ஆக்கிய நாடு இது. வண்டல் படியப் படிய ஆறு உயரும். ஆறு உயர உயரக் கரையையும் உயர்த்த வேண்டும். வெள்ளக் காலத்தில் ஆற்று நீர் வயலினும் உயர்ந்து நிற்றலை எங்கள் பக்கத்துச் சிறுவரும் அறிவர். பிற நாட்டார்க்குக் கரையென்பது ஆற்றின் ஓரம். எங்களுக்கோ அது வீட்டின் சுவர் போன்றது. சுவரைக் காவாமல் வீட்டைக் காத்தல் யாங்ஙனம்?

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதிருந்தாரல்லர். கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை மணலின் மேல் நிற்பது. ஆழம் காணவியலாத மணலில் அடித்தளம் இடும் முறையை அதனிடமிருந்தே கற்றதாக ஆர்தர் காட்டன் என்னும் பொறியியல் வல்லுநர் ஒப்புக்கொண்டுள்ளார். அவர் காலத்திற் காவிரி மேடிட்டுத் தூர்ந்து, நீரெல்லாம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடிற்று. அதனைத் தடுத்தற்கே 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். 1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் காவிரியிற் பெருவெள்ளம் தோன்றித் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளைப் பாழ்படுத்தியது. அடுத்த ஆண்டிலேயே மேட்டூரில் அணைகட்டும் வேலை தொடங்கிற்று. 1934-இல் முடிவுற்ற அவ்வணை 120 அடி ஆழமும் 93 டி.எம்.சி.க்கு மேற்பட்ட நீரும் கொள்வது. அன்றுமுதல், ‘இனி வெள்ளப் பயம் இல்லை’ என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. பெரிய அணை ஒன்று மேற்கே நிற்கின்றது. சிறிய கரையை யார் பார்ப்பது?

இவ்வுறக்கத்தை 2018-ஆம் ஆண்டு கலைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குப்பின் அவ்வாண்டு ஜூலையில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டுத் திங்களிற் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகிற்று. திருச்சிராப்பள்ளியில் 1928-இற் கட்டப்பட்டு, 2016 முதல் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதி உடைந்தது. அங்கிருந்த 45 மதகுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஏறக்குறைய 180 ஆண்டு நின்ற கட்டடம் ஓரிரவில் வீழ்ந்தது. அதன்பின் 380 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டிற் புதிய கதவணை எழுப்பப்பட்டது. அதனைக் குறை கூறுதல் எனது நோக்கமன்று. எனினும், அத்தொகையின் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் அடித்தளத்தைச் சோதித்தலிலும் அரிப்பைத் தடுத்தலிலும் செலவிட்டிருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்று ஒருவன் வினவுவானாயின், அவ்வினாவைத் தகாதது என்று எவரும் தள்ளிவிட முடியாது.

அதே ஆகஸ்டில் இன்னுமோர் அவலம் நிகழ்ந்தது. கொள்ளிடத்தில் வினாடிக்கு இலட்சக்கணக்கான கனஅடி நீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கையில், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை உழவர் தம் வாய்க்காலுக்கு நீர் வரவில்லை என்று முறையிட்டனர். ஒரு நாட்டின் ஒரு புறத்தில் வெள்ளம், மறுபுறத்தில் வறட்சி! இது வானத்தின் குற்றமாகுமோ? வாய்க்கால் தூர்ந்து, நெய்வேலிக் காட்டாமணக்கும் வெங்காயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால், ஆற்றில் நீர் நிறைந்தும் வயலுக்கு ஏறாது; மழைக்காலத்தில் வயலிற் பெய்த நீரும் வடியாது. ஒரே புறக்கணிப்பு ஆடியிற் பயிரைக் காயச் செய்து, கார்த்திகையில் அழுகச் செய்கின்றது. வெள்ளத்துக்கு ஒரு துறை, வறட்சிக்கு ஒரு துறை, வளர்ச்சிக்கு ஒரு துறை என்று ஏட்டிற் பிரித்து வைத்திருக்கின்றோம். நீர் அப்பிரிவினையை அறியாது.

கரை எவ்வாறு உடைகின்றது என்பதைச் சற்று நோக்குவோம். பெருவெள்ளம் வந்து மோதியதால் உடைந்தது என்பர். பல இடங்களில் உண்மை அஃதன்று. கோடையில் எலியும் நண்டும் கரையைத் துளைக்கும். கரையின் உச்சியில் வண்டி ஓடித் தடம் பள்ளமாகும். புல் கருகி மண் வெடிக்கும். வெள்ளம் உயர்ந்தவுடன் நீர் அவ்வளை வழியே நுழைந்து, கரையின் மறுபுறத்து அடியில் ஈரமாகத் தோன்றும். தெளிந்த நீர் கசியும்வரை அச்சம் குறைவு. கசிவு கலங்கி வரின் உள்ளே மண் கரைந்து போகின்றது என்பதற்கு அதுவே அடையாளம். அந்நிலையிற் கண்டால் சில மணல் மூட்டைகளும் சவுக்குக் கழிகளும் போதும். காணாது விடின் அடுத்த நாள் ஓர் ஊரே போதாது. ஆற்றினுள்ளும் இவ்வாறே. அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளப்பட்டால் படுகை தாழும். பாலத்தின் காலும் அணையின் அடியும் மண்ணற்று நிற்கும். மாடி வீட்டுக்கு எடுத்த மணல் பாலத்தின் காலடியிலிருந்து வந்ததாயின், அம்மாடி வீட்டை வளர்ச்சிக் கணக்கில் எழுதுவதா, இழப்புக் கணக்கில் எழுதுவதா? ‘நிலைத்த வளர்ச்சி’ என்று இக்காலத்தார் கூறுவதன் பொருளை இவ்வினாவினுள்ளேயே காணலாம்.

இனிச் சட்டத்தையும் பொருளையும் நோக்குவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் இருவகை நிதிகளைக் கூறிற்று: துன்பம் வந்தபின் உதவுதற்கு ஒன்று, வருமுன் தணித்தற்கு மற்றொன்று. வந்தபின் உதவும் நிதி விரைவில் வழக்கத்துக்கு வந்தது. தணிப்பு நிதியோ நாட்டளவில் 2021-ஆம் ஆண்டிற்றான் அமைக்கப்பட்டது. சட்டம் பிறந்து பதினாறாம் ஆண்டில்! அதன்பின்னும், 2021 முதல் 2026 வரைக்கும் 15-ஆம் நிதிக்குழு மாநிலங்களுக்கு வகுத்த முறையில், நூறு ரூபாயில் 80 இடருதவி நிதிக்கும் 20 தணிப்பு நிதிக்கும் சென்றன. அவ் 80-இல் முன்னேற்பாட்டுக்கென விடப்பட்ட 10-ஐச் சேர்த்து எண்ணினும், வருமுன் செய்வதற்கு 30. வந்தபின் செய்வதற்கு 70. ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் இவ்வளவேனும் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் 2015-ஆம் ஆண்டு மார்ச்சில் சப்பான் நாட்டுச் செண்டாய் நகரிற் கூடிய உலக நாடுகள், 2030-க்குள் இடரைக் குறைத்தலே முதற்கடன் என்று உடன்பட்டதை நினைக்குங்கால், நாம் நடந்த தொலைவு சிறிது. நடக்க வேண்டிய தொலைவு பெரிது.

‘வறிய நாடு நம்முடையது, வருமுன் காத்தற்கு நம்மிடம் பொருள் ஏது?’ என்று சிலர் தடை கூறுவர். ஒடிசா மாநிலம் செல்வம் மிக்கதன்று. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில் அங்கு ஏறக்குறைய பதினாயிரம் பேர் மாண்டனர். அதன்பின் அவர்கள் புயற்புகலிடங்களைக் கட்டினர். ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கினர். எச்சரிக்கை கடற்கரைக் குடிசை வரை செல்லும் வழியை அமைத்தனர். 2013-ஆம் ஆண்டு பாய்லின் என்னும் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். மாண்டோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. புயலின் வலிமை குறைந்ததனால் வந்த வேறுபாடன்று இது. மக்களின் ஆயத்தம் மிகுந்ததனால் வந்தது. உண்மையில், வறியவனே வருமுன் காக்க வேண்டியவன். வந்தபின் மீண்டெழச் செல்வனுக்கன்றோ கையில் பொருள் உண்டு?

செல்வரும் இதனைத் துன்பத்தாற் கற்றனர். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை தம் ஆட்சியில் வைத்திருந்த ஒல்லாந்தரின் தாய்நாடு, எங்கள் நாடு போலவே ஆற்று முகத்திற் கிடக்கும் தாழ்நிலம். அங்குக் கரை காக்கும் நீர்வாரியங்கள் பல நூற்றாண்டுகளாக உள்ளன. அவற்றின் உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுப்பர். அவ்வாரியங்கள் தமக்கெனத் தனிவரி வாங்கும். கரைக்கென்று வந்த பணத்தை வேறொன்றுக்குத் திருப்புதல் இயலாது. அவ்வளவு கவனமுடையார்க்கும் 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல்நாட் கடல்வெள்ளத்தில் 1,836 உயிர்கள் அழிந்தன. அதன்பின் அவர்கள் கரைகளையும் கடலணைகளையும் ஒரு தலைமுறைக் காலம் உழைத்து வலுப்படுத்தினர்.

ஒல்லாந்தரை நோக்குவானேன், நம்மிடமே குடிமராமத்து இருந்ததே என்று ஒரு சாரார் கூறுவர். இஃது ஆராய்தற்குரியது. ஊரார் கூடித் தம் வாய்க்காலைத் தாமே வெட்டிய அப்பழவழக்கம் போற்றத்தக்கதே. 2017-ஆம் ஆண்டிலே தமிழக அரசாங்கத்தார் அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கினர். எனினும், மண்ணைச் சுமந்தவர் யார் என்று நாம் கேட்டல் வேண்டும். 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் அபாயத்தில் உழைப்பாளி வகுப்பினரையே வற்புறுத்தி அழைக்க இடந்தந்தது. நிலம் உடையவர் பெயரால் ஊர்ப்பங்கு எழுதப்பட்டது. மண்கூடையோ நிலமற்ற பண்ணையாளின் தலையில் ஏறிற்று. காக்கப்பட்ட வயலில் அவனுக்கு ஒரு குழியும் இல்லை.

தமிழ் பயிலும் நமக்கு இதன் தொடர்பில் ஒரு கதை நினைவுக்கு வரும். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில், வையை பெருகியபோது பாண்டியன் வீட்டுக்கொரு பங்காகக் கரையை அளந்து விடுகின்றான். பிட்டு விற்றுண்ணும் வந்தி என்னும் கிழவிக்கும் செல்வர்க்கு விட்டாற்போலவே ஒரு பங்கு. அவளுக்கு ஆள் இல்லை. கூலி கொடுக்கக் காசும் இல்லை. இறைவனே கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தான் என்பது கதை. சைவ நண்பர்கள் இதனைப் பத்தியாற் படிப்பர். யான் இதில் ஓர் ஆட்சிமுறையின் குறையையும் காண்கின்றேன். எல்லார்க்கும் ஒரே அளவு என்பது நீதி போலத் தோன்றும். வலியற்றாள்மேல் அதுவே கொடுமையாக முடியும். அக்கூலியாளின் முதுகில் விழுந்த அடி அரசன் முதல் அனைவர் முதுகிலும் பட்டதென்று புராணம் கூறுகின்றது. கரை காப்பவனை வருத்தினால் வருத்தம் அனைவரையும் சாரும் என்னும் கருத்தை இதனினும் அழுத்தமாகக் கூறல் அரிது. இன்றும் வந்தி மறைந்துவிடவில்லை. கொள்ளிடம் கடலை அணுகும் இடத்தில், கரைக்கு உள்ளே, நாதல்படுகை, முதலைமேடு திட்டு முதலிய ஊர்களில் வாழ்வோரின் வீடுகளில் 2018-இலும் 2022-இலும் வெள்ளம் புகுந்தது. கரைக்குள் குடியிருப்பவர்க்கு எக்கரை காவல்?

ஆகலின் யான் வேண்டுவன சிலவே. முதலாவது, தூர்வாரும் பணி மேட்டூரிலிருந்து நீர் திறக்குமுன் முடிதல் வேண்டும். திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பணியோ கோடையின் கடைசியில் அவசரமாகத் தொடங்கப்படுவதை ஊரார் பலமுறை கண்டு முறையிட்டிருக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் நீர்வரத்து மிகுந்து மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. ஆறு நம் நாட்காட்டிக்காகக் காத்திராது என்பதற்கு அதுவே சான்று. நீர் வந்து மூடிய வாய்க்காலில் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்று அளப்பவர் யார்? ஆதலின் பணி மாசியில் தொடங்கிச் சித்திரையில் முடிதலும், எடுத்த மண்ணின் அளவும் கொடுத்த கூலியும் ஊர்ச்சாவடியில் எழுதி ஒட்டப்படுதலும் வேண்டும். இரண்டாவது, கரைக்காவலர் பணியிடங்கள் ஒழிவின்றி நிரப்பப்பட்டு, ஒவ்வொரு கல் தொலைவுக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மண் சுமப்பவர்க்கு முழுக் கூலி உரிய நாளிற் கிடைத்தல் வேண்டும். நிலமுடையார் தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கரைக்குப் பொருள் தருதல் வேண்டும். நான்காவது, பாலத்துக்கும் அணைக்கும் அண்மையில் ஒரு கூடை மணலும் எடுக்கப்படலாகாது.

ஐந்தாவது ஒன்றுண்டு, அது நம் துறையைச் சார்ந்தது. வெள்ள நாளில், ‘கொள்ளிடத்தில் வினாடிக்கு இரண்டு இலட்சம் கனஅடி நீர் செல்கின்றது, தாழ்ந்த இடங்களில் வாழ்வோர் விழிப்புடன் இருக்க’ என்று அறிவிப்பர். கனஅடி யாதென்று படுகையில் மாடு மேய்க்கும் முதியவள் அறிவாளா? யான் வாழும் இடம் தாழ்ந்ததா என்று எவர் அவளுக்குச் சொன்னார்? ‘இன்று நள்ளிரவுக்குள் நும் படித்துறையில் ஏழாம் படி மூழ்கும், ஐந்தாம் படி மூழ்கினால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் செல்க’ என்று கூறின், எழுத்தறியாதாரும் அறிவர். அதற்கு ஒவ்வொரு படித்துறையிலும் வண்ணம் தீட்டி அளவு குறித்தல் வேண்டும். ஆற்றின் கனஅடிக்கும் அப்படிக்கும் உள்ள தொடர்பைப் பொறியியலார் கணக்கிட்டுத் தருதல் வேண்டும். அதனை ஊர்ப்பேச்சில் எழுதித் தருதல் தமிழ் கற்றார் கடன். நீர்நிலை அமைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனை அறிவுறுத்திய குடபுலவியனார் பாட்டைப் புறநானூற்றில் நாம் பாடமாகப் படிக்கின்றோம். புலவர் தொழில் வென்றாரைப் புகழ்தலோடு முடிந்திலது. அரசனிடம் நீரைப்பற்றிப் பேசுதலும் அவர் தொழிலாக இருந்தது. அப்பாட்டைத் தேர்வுக்கு உரை எழுதுமளவில் நிறுத்திக்கொள்வது நம் படிப்புக்கு அழகாகுமோ?

அன்பர்களே, அடுத்த வெள்ளம் எந்த ஆண்டில் வருமென்று சோதிடரும் சொல்லார். வருமென்பது மட்டும் உறுதி. அது வந்தபின் உண்டியல் ஏந்தித் தெருவிற் செல்ல நம் கல்லூரி மாணவர் என்றும் ஆயத்தமாக இருப்பர், அந்நல்லுள்ளம் வாழ்க. ஆயினும் வரும் கோடை விடுமுறையில், காவிரிக்கரை ஊர்களிலிருந்து வந்து பயிலும் நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க்கரையில் ஒரு கல் தொலைவு நடந்து, வளைகளையும் வெடிப்புகளையும் அடைபட்ட மதகுகளையும் எண்ணி எழுதி, ஊராட்சித் தலைவரிடமும் பொறியாளரிடமும் கொடுத்து, ஒப்பம் பெற்று வருவாராக. அவ்வேலைக்கு ஒருவரும் மாலை சூட்டமாட்டார். ஐப்பசியில் அக்கரையின் கீழ் ஓர் ஊர் அமைதியாக உறங்கும், அது போதும்.